ஏழாவது குடம்

லாரித் தண்ணீர் ஆறு குடம்.
ஐந்து வீட்டுக்கு, ஒன்று என் தலைக்கு.
"குடிக்கிற தண்ணியத் தலையில கொட்டுறா பாரு."
அண்ணி விமலராணி இதைச் சொல்வது
என்னிடம் இல்லை, அடுப்பிடம்.

போரிங் தண்ணீரின் துருவாடை
ஒரு தரம் முடியில் ஏறினால்
புதன்கிழமை வரை இறங்காது.
உப்பு உட்கார்ந்த சுருள் விறைத்துக்கொள்ளும்.
கொருக்குப்பேட்டையில் பிறந்த முடிக்கு
இதெல்லாம் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் பரட்டை.
பதிவேட்டில் மட்டும் எஸ்தர் மலர்விழி.
எண்ணெய் ஊற்றி, இழுத்து,
ரிப்பனால் இரண்டு பக்கமும் மடித்துக் கட்டியதைத்தான்
அடக்கம் என்றார்கள்.
பத்து மணிக்கெல்லாம்
நெற்றியோரம் நாலு முடி
சுவரேறிக் குதித்துவிடும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று
எம்.சி. ரோட்டில் நாலாயிரம் கொடுத்து
இஸ்திரி போட்டுக்கொண்டேன்.
மூன்று நாள் நனைக்கக் கூடாது,
காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது.
வந்தவர்கள் முறுக்கைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.
முடி மட்டும் எட்டு மாதம் படுத்தே கிடந்தது,
சோறு தண்ணி வேண்டாம் என்றவள் போல.

வேரில் ஒரு விரல் அளவு
சுருள் தலைகாட்டிய அன்று
மீன் துடுப்பு வெட்டும் கத்தரியைக் கழுவி
நேராய்த் தொங்கியதை எல்லாம் நறுக்கினேன்.
அண்ணன் ஒரு வாரம்
என் கழுத்துக்குக் கீழே பார்த்தே பேசினான்.

இப்போது ஞாயிறு மதியம்.
கறிக்குழம்பு இறக்கிய அடுப்பில்
இரண்டு ஸ்பூன் ஆளி விதை, ஒன்றரை டம்ளர் தண்ணீர்.
கரண்டியிலிருந்து முட்டை வெள்ளை போல
நூல் இறங்கும் நொடியில் நிறுத்த வேண்டும்.
சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறினால்
விதையை விடவே விடாது,
கந்து வட்டிக்காரன் கை.

ஈரத்திலேயே சிக்கெடுத்து
தலையைக் குப்புறக் கவிழ்த்து
வழவழப்பை உள்ளங்கையில் ஏந்தி
நுனியிலிருந்து வேருக்குக் கசக்குகிறேன்.
சப்பென்று சத்தம் வந்தால்
தண்ணீர் போதும் என்று பொருள்.

துண்டு உதவாது, சிலுப்பிவிடும்.
அண்ணனின் தேர்தல் பனியன் இருக்கிறது.
சின்னம் வெளுத்துப்போய்
எந்தக் கட்சி என்று அதற்கே மறந்துவிட்டது.
இந்த ஒரு வேலையை
நன்றாகச் செய்கிறது.

உச்சியில், வேரோடு, ஆறு கிளிப்.
துணி காயப்போடும் கிளிப்தான்.
முடி தன் கனத்திலேயே மண்டையோடு ஒட்டாமல்
கூடாரமாய்த் தூக்கி நிற்க வேண்டுமே.
மொட்டை மாடி ஏறுகிறேன்,
தொடாதே தொடாதே என்று
என் கையிடமே கெஞ்சிக்கொண்டு.

நாலு மணிக்குக் காசிமேட்டுப் பக்கமிருந்து
கருவாட்டோடு காற்று வரும்.
கரண்ட் பில் இல்லாத டிரையர்.
கீழே கேட் போட்டாயிற்று.
ஆட்டோக்கள் திட்டித் தீர்த்தாலும்
சரக்கு ரயில் நகர்வதில்லை.
நானும்.

காய்ந்ததும் ஒவ்வொரு சுருளும்
அப்பளமாய் மொறுமொறுக்கும்.
பயப்படாமல் கசக்கி உடைத்தேன்.
கிளிப்பைப் பிடுங்கி
வேருக்குள் விரல் விட்டு உலுக்கினேன்.
ஒரு தலை இரண்டு தலை ஆயிற்று.
நான் திரும்பினால்
அது அரை நொடி யோசித்துத் திரும்புகிறது.
எதிர் மாடியில் வடாம் எடுக்க வந்தவர்
எடுக்காமலே நிற்கிறார்.

நாளை ஆறு மணி ஷிஃப்ட்.
கன்டெய்னர் யார்டின் மஞ்சள் ஹெல்மெட்
பாதியை அமுக்கிவிடும்.
மீதி பின்னால் பொங்கி நிற்கும்.
அடையாள அட்டையில் இருப்பது அந்த இஸ்திரிக்காரி என்பதால்
கேட்டில் இரண்டு தரம் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்த மிச்சம்
இரண்டு விரல் குறைந்திருந்தது.
அண்ணி அதே இறுக்கக் கொண்டையோடு
பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.
பிடரியில் ஒரே ஒரு சுருள், ஈரமாக.
நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை லாரி வந்தபோது
ஏழாவதாக ஒரு குடத்தை நுழைத்து
வரிசை முழுக்க எதிர்த்துக் கத்தியபோதும்
எதற்கு என்று
அவள் யாரிடமும் சொல்லவில்லை.